உறைபனியில் ஒரு காமிராக்காரர்



மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தாருங்கள் என்று யூனியனில் கேட்டார்கள். நண்பர்கள் பலர் எடிசன், விஸ்வேசுவரய்யா, அப்துல் கலாம் என்று பிரித்துக்கொண்டார்கள். எல்லாரும் பெரியவர்கள்தான், மறுக்கவில்லை. நான் எடுத்துக்கொண்டது ஒரு காமிராக்காரரை. பெயர் பிராங்க் ஹர்லி. ஆஸ்திரேலியாக்காரர். அவர் நாட்டிலும், துருவப் பயணங்களைப் பற்றிப் படிப்பவர்களிடமும் இவர் பெயர் தெரியாதவர் இல்லை. நம்ம பக்கம் அவ்வளவாகத் தெரியாது.

மெக்கானிக்கல் படிக்கிற பையனுக்குக் காமிராக்காரர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஹர்லி படம் எடுத்ததைவிட, அந்தப் படத்தையும் அதை எடுத்த கருவிகளையும் அவர் எப்படிக் காப்பாற்றினார் என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அவர் காப்பாற்றியது கலைஞன் மனசால் மட்டும் இல்லை, ஃபிட்டர் கையால். படித்துப் பாருங்கள், உங்களுக்கே புரியும்.

இரும்பாலையில் ஒரு சிறுவன்

ஹர்லி 1885 அக்டோபர் 15-ஆம் தேதி சிட்னி நகரத்தில் கிளீப் என்ற பகுதியில் பிறந்தார். அப்பா அச்சுத் தொழிலாளி, தொழிற்சங்கத்திலும் பொறுப்பில் இருந்தவர். பையனுக்குப் பள்ளிக்கூடம் ஒட்டவில்லை. 13 வயதில் வீட்டைவிட்டு ஓடினார். ஓடிப்போய்ச் சேர்ந்த இடம் லித்கோ என்ற ஊரிலிருந்த இரும்பாலை. நாமெல்லாம் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த வயதில் அவர் உலைக்கும் இரும்புக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து சிட்னிக்குத் திரும்பினார். பகலில் வேலை, இரவில் தொழிற்கல்விப் பள்ளி. அங்கேதான் படிப்பின் ருசி தெரிந்திருக்கிறது. பல்கலைக்கழகத்தில் நடந்த அறிவியல் சொற்பொழிவுகளுக்கும் போய் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். 17 வயதில் 15 ஷில்லிங் விலையுள்ள ஒரு கோடக் பெட்டிக் காமிராவை வாரத் தவணையில் வாங்கினார். எங்க வீட்டில் தையல் மெஷின் வாங்கியதும் வாரத் தவணைதான். அதனால் இந்த விவரத்தைப் படித்தபோது இவர் நம்ம ஆள்தான் என்று தோன்றியது.

1905-ல் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து படத் தபால் அட்டை அச்சிட்டு விற்கும் தொழிலில் இறங்கினார். போட்டி நிறைய. வித்தியாசமாகப் படம் எடுத்தால்தான் விற்கும். எதிரே பாய்ந்து வரும் ரயிலைத் தண்டவாளத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்தார். ஆபத்தைக் கண்டு அஞ்சாதவர் என்ற பெயர் அப்போதே பரவிவிட்டது. 1910-ல் சிட்னியில் தன் படங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தார்.

காற்று குடியிருந்த இடம்

1911-ல் டக்ளஸ் மாசன் என்ற விஞ்ஞானி அன்டார்டிகாவுக்கு ஒரு குழுவைக் கூட்டிப்போனார். அதில் போட்டோ எடுக்கவும் சினிமா எடுக்கவும் போனவர் ஹர்லி. அவர்கள் தங்கிய டெனிசன் முனை என்ற இடம், கடல் மட்டத்தில் மனிதன் அளந்த இடங்களிலேயே மிக மோசமான காற்றடிக்கும் இடங்களில் ஒன்று. அங்கே வருஷ சராசரியே மணிக்கு சுமார் 80 கிலோமீட்டர்! நம்ம ஊரில் அந்த வேகத்தில் ஒரு நாள் காற்று அடித்தாலே ஸ்கூலுக்கு லீவு விட்டுவிடுவார்கள். அங்கே வருஷம் பூராவும் அப்படி. காற்றின்மேல் உடம்பைச் சாய்த்துத்தான் நடக்கவே முடியும்.

அந்தக் காற்றில் முக்காலியை நிறுத்தி, காமிராவைப் பொருத்தி, கையால் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அந்தக் காலத்து சினிமா காமிராவில் மோட்டார் கிடையாது. ஒரு சுற்றுக்கு 8 படம். விநாடிக்கு இரண்டு சுற்று. ஆக விநாடிக்கு 16 படம். மனசுக்குள்ளேயே எண்ணிக்கொண்டு ஒரே சீராகச் சுற்ற வேண்டும். சுற்றுகிறவன் கை நடுங்கினால் திரையில் ஓடுகிற மனிதனும் நடுங்குவான்.

1912 நவம்பரில் ஹர்லியும் இன்னும் இரண்டு பேரும் தெற்குக் காந்த முனையை நோக்கி, சறுக்குவண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு, சுமார் 480 கிலோமீட்டர் போய்த் திரும்பினார்கள். வண்டியில் ஏற்றும் ஒவ்வொரு பொருளுக்கும் எடைக் கணக்கு. அந்தக் கணக்கில் காமிராவுக்கும் இடம் இருந்தது. இந்தப் பயணத்தின் சினிமா 1913-ல் ஆஸ்திரேலியாவில் திரையிடப்பட்டது.

குளிரில் காமிரா என்ன ஆகும்?

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு நம்ம பாடத்துக்கு வருவோம். பொறுத்துக்கொள்ளுங்கள், தேர்வுக்கும் உதவும்!

காமிரா என்பது என்ன? பல்சக்கரங்கள், ஸ்பிரிங், தண்டு, பேரிங், நடுவில் ஒரு கண்ணாடி. நம்ம ஒர்க்‌ஷாப்பில் பார்க்கிற சாமான்கள்தான், அளவில் சின்னது. கடும் குளிரில் முதலில் எண்ணெய் கெட்டியாகும். உயவுக்காக விட்ட எண்ணெயே பிசின் மாதிரி ஆகிப் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் அந்தக் காலத்துத் துருவக் காமிராக்காரர்கள் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டு, கிராஃபைட் பொடி போட்டார்கள். கிராஃபைட் உறையாது, அடுக்கடுக்காக வழுக்கும். லூப்ரிகேஷன் பாடத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வருகிற அதே கிராஃபைட்!

இரண்டாவது, பிலிம். குளிரில் அது விறைத்து, காய்ந்த பனையோலை மாதிரி ஒடியும். வேகமாகச் சுற்றினால் உள்ளேயே துண்டாகிவிடும். காற்றில் ஈரமே இல்லாததால் பிலிம் உரசும்போது மின்பொறி உண்டாகி, நெகட்டிவில் மின்னல் கீற்று மாதிரி கோடு விழும்.

மூன்றாவது, உலோகம். வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். கையுறை போட்டுக்கொண்டு சின்னச் சின்ன திருகாணியைத் திருப்ப முடியுமா? பிலிம் மாட்ட முடியுமா? கையுறையைக் கழற்ற வேண்டும், வேலை முடிந்ததும் சட்டென்று மாட்ட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் விரல் போய்விடும்.

நான்காவதுதான் முக்கியமானது. வெளியே உறைந்துகிடந்த காமிராவைக் கதகதப்பான குடிசைக்குள் கொண்டுவந்தால், உள்ளே இருக்கிற ஈரமெல்லாம் அதன்மேல் வந்து படியும். லென்ஸ் வெளுத்துப்போகும், பல்சக்கரங்களுக்கு நடுவிலும் நீர் கோக்கும். மறுபடி வெளியே எடுத்துப் போனால் அந்த நீர் ஐஸாக உறைந்து மெஷினே நகராது. ஆகவே காமிராவைக் குளிரிலேயே விட்டுவைப்பதுதான் நல்லது. மனிதனுக்கு இதமான இடம் காமிராவுக்கு ஆகாது.

இதைப் படித்தபோது எனக்கு எங்க தாய்மாமா ஞாபகம் வந்தது. அவர் சென்னையில் ஒரு அவுட்டோர் யூனிட்டில் ரொம்ப வருஷம் காமிராப் பெட்டிகளோடு போய்வருகிற வேலை பார்த்தவர். ஏ.சி. ரூமில் இருந்த காமிராவைச் சித்திரை மாசத்துப் புழுக்கத்தில் நேராக வெளியே எடுக்கவே கூடாது, பெட்டியை மூடினபடியே கொஞ்ச நேரம் நிழலில் வைத்து, வெளிச் சூட்டுக்கு அது பழகின பிறகுதான் திறக்கணும் என்று சொல்வார். திறந்துவிட்டால் லென்ஸ் வியர்க்கும் என்பது அவர் வார்த்தை. அன்டார்டிகாவில் நடந்ததும் நம்ம வளசரவாக்கத்தில் நடப்பதும் ஒரே விதி. குளிர்ந்த பரப்பில் ஈரக் காற்று பட்டால் நீர் படியும். பள்ளிக்கூடப் பக்கம் அதிகம் போகாத மாமாவுக்கு அந்த விதியின் பெயர் தெரியாது. விதி தெரியும்.

பிலிம் இருந்த காலத்தில் ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் காமிராவின் கேட்டைத் திறந்து, பிலிம் தூள் ஏதாவது முடி மாதிரி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்களாம். கடற்கரையில் ஷூட்டிங் என்றால் ராத்திரி ரூமுக்கு வந்த பிறகு முக்காலியின் கால் ஒவ்வொன்றையும் கழற்றி மணலையும் உப்பையும் துடைப்பார்களாம். மழை வந்தால் ஹீரோவுக்குக் குடை பிடிக்க ஒரு ஆள், காமிராவுக்குக் குடை பிடிக்க மாமா. நடுவில் நனைந்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. படத்தின் டைட்டிலில் மாமா பேரை நாங்கள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. சரி, கதைக்குத் திரும்புவோம்.

எண்டூரன்ஸ் கப்பல்

1914-ல் எர்னஸ்ட் ஷாக்கிள்டன் அன்டார்டிகா கண்டத்தைக் குறுக்கே நடந்து கடப்பது என்று கிளம்பினார். அவ்வளவு பெரிய செலவுக்குப் பணம் வேண்டுமே? பயணத்தின் சினிமாவையும் போட்டோக்களையும் விற்கும் உரிமையும் அந்தப் பணத்தில் ஒரு பகுதி. அதாவது படம் பத்திரமாக ஊர் திரும்புவது ஒரு கடன் மாதிரி ஹர்லியின் தலைமேல் இருந்தது.

1914 டிசம்பர் 5-ல் சவுத் ஜார்ஜியா தீவிலிருந்து எண்டூரன்ஸ் புறப்பட்டது. கப்பலில் 28 பேர். 1915 ஜனவரியில் வெடல் கடலின் பனிக்கட்டிகள் கப்பலைப் பிடித்துக்கொண்டன. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. பனியோடு சேர்ந்து கப்பலும் மாதக்கணக்கில் மிதந்தது.

ஹர்லி சும்மா இருக்கவில்லை. சினிமா காமிராவைத் தூக்கிக்கொண்டு பாய்மரத்தின் உச்சிக்கு ஏறிப் படம் எடுத்தார். கப்பலுக்குச் சின்ன டைனமோ வைத்து மின்விளக்குப் போட்டதும் அவர்தான். இருண்ட துருவ இரவில், 1915 ஆகஸ்ட் 27 அன்று, கப்பலைச் சுற்றிப் பனி மேடுகளுக்குப் பின்னால் சுமார் 20 இடங்களில் பிளாஷ் பொடி வைத்து ஒவ்வொன்றாகக் கொளுத்தி ஒரே பிளேட்டில் படம் எடுத்தார். அந்த வெளிச்சத்தில் அவருக்கே கண் கூசி, வழி தெரியாமல் பனிக்குள் தடுமாறி விழுந்தார். கறுப்பு வானத்தில் பேய் மாதிரி வெள்ளையாக நிற்கும் அந்தக் கப்பல் படத்தை இன்றைக்கும் உலகம் பார்க்கிறது.

படம் எடுப்பது பாதி வேலைதான். கண்ணாடிப் பிளேட்டை டெவலப் செய்து கழுவத் தண்ணீர் வேண்டும். சுற்றிலும் கடல், ஆனால் உபயோகிக்க ஒரு சொட்டு இல்லை. பனிக்கட்டியை வெட்டி வந்து உருக்கித்தான் கழுவ வேண்டும். டார்க் ரூமில் விரல்கள் வெடித்துப் புண்ணாகும். அப்படியும் ஒவ்வொரு பிளேட்டையும் கழுவி, உலர்த்தி, தகரப் பெட்டிக்குள் அடுக்கி, மூடியைச் சுற்றி ஈயப்பற்று வைத்து மூடினார்கள். இந்த ஈயப்பற்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே! முதல் வருஷத்தில் நாம் தகர வேலை கற்றுக்கொண்டபோது, இந்தக் காலத்தில் இதெல்லாம் யாருக்கு வேணும் என்று அலுத்துக்கொண்ட அதே சால்டரிங்.

பனிக்கூழுக்குள் குதித்தார்

1915 அக்டோபர் 27. பனியின் அழுத்தம் தாங்காமல் கப்பலின் பலகைகள் உடைந்தன. எல்லாரும் இறங்கிப் பனித்தரையில் கூடாரம் போட்டார்கள். கப்பல் நொறுங்குவதையும் பாய்மரங்கள் முறிந்து சாய்வதையும் ஹர்லி சினிமா காமிராவில் பிடித்தார். தன் வீடு இடிந்து விழும்போது பக்கத்தில் நின்று கைப்பிடியைச் சீராகச் சுற்றுவதற்கு எப்பேர்ப்பட்ட மனசு வேண்டும்!

ஆனால் அதுவரை எடுத்த நெகட்டிவ் பெட்டிகள் கப்பலுக்குள்ளேயே சிக்கிக்கொண்டன. கப்பல் எப்போது வேண்டுமானாலும் மூழ்கலாம். நவம்பர் 2-ஆம் தேதி ஹர்லி மறுபடி உள்ளே போனார். பெட்டிகள் இருந்த அறையின் தடித்த சுவரை வெட்டித் திறந்தார். உள்ளே நாலு அடி ஆழத்துக்கு ஐஸ் கூழ். இடுப்புவரை சட்டையெல்லாம் கழற்றிவிட்டு அந்தக் கூழுக்குள் முங்கினார். கையால் துழாவித் துழாவிப் பெட்டிகளை வெளியே இழுத்துப் போட்டார்.

பெட்டிகள் தண்ணீருக்குள் கிடந்தன. உள்ளே நனைந்ததா? நனையவில்லை! இரட்டைத் தகரம், சுற்றிலும் ஈயப்பற்று. அது காப்பாற்றியது. அவர் குதித்த வீரத்தை எல்லாரும் புகழ்கிறார்கள். நான் அந்தப் பற்றைத்தான் புகழ்வேன். கப்பல் உடையும் என்று யாரும் நினைக்காத நாளில், அவசரமே இல்லாத ஒரு சாதாரண நாளில், ஓட்டை விடாமல் ஒழுங்காக வைத்த பற்று அது. அன்றைக்கு ஒரு மூலையில் ஏனோதானோ என்று விட்டிருந்தால், அன்டார்டிகாக் கடலில் குதித்தும் பயன் இருந்திருக்காது.

உடைந்த 400 பிளேட்டுகள்

இனிமேல் வருவதுதான் என்னைத் தூங்கவிடாத பகுதி.

நடந்தும் படகிலும் தப்பிக்க வேண்டும். ஒவ்வொருவரும் சொந்தச் சாமான் 2 பவுண்டு, அதாவது ஒரு கிலோவுக்கும் குறைவாகத்தான் கொண்டுவரலாம் என்று ஷாக்கிள்டன் உத்தரவு போட்டிருந்தார். தன்னிடமிருந்த தங்கக் காசுகளை அவரே முதலில் பனியில் வீசிக் காட்டினார். ஹர்லியிடம் இருந்ததோ 500-க்கு மேற்பட்ட கண்ணாடிப் பிளேட்டுகள். கண்ணாடி என்ன கனம் கனக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நவம்பர் 9-ஆம் தேதி இருவரும் பனியில் உட்கார்ந்து பிளேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்கள். இது வேண்டும், இது வேண்டாம். வேண்டாத ஒவ்வொன்றையும் அங்கேயே போட்டு உடைத்தார்கள். சும்மா ஓரமாக வைத்துவிட்டால் பிறகு மனசு மாறித் திரும்ப எடுக்கத் தோன்றும் அல்லவா? அதற்கு வழியே இல்லாமல் செய்தார்கள். சுமார் 400 பிளேட் உடைந்தது. சுமார் 120 மிஞ்சியது. மிஞ்சியதையும், சினிமா சுருள்களையும், ஒரு ஆல்பத்தையும் தகரப் பெட்டியில் வைத்து மறுபடி பற்றவைத்து மூடினார்கள்.

அப்புறம் காமிராக்கள். மாசக்கணக்கில் எண்ணெய் துடைத்து, பனி துடைத்து, பாய்மரம் வரை சுமந்து, கண்ணைப் போல் பார்த்துக்கொண்ட காமிராக்கள். அத்தனையையும் அங்கேயே விட்டார் ஹர்லி! கையோடு வைத்துக்கொண்டது ஒரு சின்னப் பாக்கெட் காமிராவும் மூன்று பிலிம் ரோலும்தான்.

இதை நான் ரொம்ப நாள் யோசித்தேன். பொருளைப் பாதுகாப்பது என்றால் அதை என்றைக்கும் விடாமல் பிடித்துக்கொள்வது என்று நான் நினைத்திருந்தேன். வீட்டில் எதையும் தூக்கி எறியாத குடும்பத்தில் பிறந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? காமிராவை ஹர்லி அவ்வளவு பாடுபட்டுக் காத்தது படத்துக்காக. படமா காமிராவா என்று வந்தபோது அவருக்கு விடை ஏற்கெனவே தெரிந்திருந்தது. படமா மனித உயிரா என்று வந்தபோதும் தெரிந்திருந்தது. அதனால்தான் 400 உடைந்தது. எதற்காக ஒன்றைப் பாதுகாக்கிறோம் என்று தெரிந்தவனுக்குத்தான் எதை விடலாம் என்பதும் தெரிகிறது.

நவம்பர் 21-ல் கப்பல் முழுசாக மூழ்கியது.

தகரத்தில் பிழைத்த உயிர்கள்

1916 ஏப்ரல் 9-ல் மூன்று படகுகளில் இறங்கி, 15-ஆம் தேதி எலிபன்ட் தீவில் கரையேறினார்கள். அங்கிருந்து ஷாக்கிள்டனும் ஐந்து பேரும் ஏப்ரல் 24-ல் ஜேம்ஸ் கெயர்ட் என்ற சின்னப் படகில் உதவி தேடிப் புறப்பட்டார்கள். உலகத்திலேயே மோசமான கடல். படகுக்குள் ஓயாமல் தண்ணீர். அந்தத் தண்ணீரை இறைத்து வெளியேற்றிய பம்ப் யார் செய்தது தெரியுமா? ஹர்லி! கப்பலின் திசைகாட்டியோடு இருந்த ஒரு உலோகக் குழாயை எடுத்துச் செய்தது. அதற்கு முன் பனித்தரையில் முகாம் போட்டிருந்தபோது, கப்பலில் சாம்பல் கொட்டும் தகரப் பாதையை வெட்டி வளைத்து, சீல் கொழுப்பில் எரியும் அடுப்பும் செய்துகொடுத்தார். 28 பேருக்கும் சூடான சோறு அதில்தான்.

லித்கோ இரும்பாலையும் இரவுப் பள்ளியும் அங்கே வந்து கைகொடுத்தன. காமிராவைப் பராமரித்த அதே கைதான் பம்பையும் செய்தது, அடுப்பையும் செய்தது.

மிச்சமிருந்த 22 பேர், கவிழ்த்துவைத்த இரண்டு படகுகளுக்குக் கீழே நான்கு மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். ஆகஸ்ட் 30-ல் சிலி நாட்டின் யெல்ச்சோ என்ற கப்பலோடு ஷாக்கிள்டன் திரும்பி வந்தார். 28 பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை. பற்றவைத்த பெட்டிகளும் அவர்களோடு வந்தன.

சிலியின் புந்தா அரினாஸ் நகரத்தில் இறங்கியதும் ஹர்லி டார்க் ரூமைத் தேடித்தான் போனார். உடைந்த கப்பலை எடுத்துச் சுமார் ஒரு வருஷமாக டெவலப் செய்யாமல் வைத்திருந்த பிளேட்டுகள் அருமையாக வந்தன. பாக்கெட் காமிராவின் பிலிம் காத்திருந்ததில் கொஞ்சம் கெட்டிருந்தது. இருந்தாலும் அச்சிட முடிந்தது. 1917-ல் சவுத் ஜார்ஜியாவுக்குத் திரும்பவும் போய், படத்துக்குத் தேவையான உயிரினக் காட்சிகளை எடுத்து வந்தார். 1919-ல் சவுத் என்ற பெயரில் அந்தப் படம் வெளியானது. 1998-ல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் அதைப் புதுப்பித்தது. பிளேட்டுகள் இன்று சிட்னியிலும் லண்டனிலும் நூலகக் காப்பகங்களில் உள்ளன.

அதற்குப் பிறகு

முதல் உலகப் போரில் 1917-ல் ஆஸ்திரேலியப் படையின் அதிகாரபூர்வப் போட்டோகிராபராக ஹர்லி நியமிக்கப்பட்டார். பெல்ஜியத்தின் சேற்றில் குண்டுகளுக்கு நடுவே காமிராவோடு நடந்தார். அங்கே ஒரு சர்ச்சையும் வந்தது. பல நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கினார் அவர். போர் வரலாறு எழுதிக்கொண்டிருந்த சார்லஸ் பீன், இது பொய்ப் படம் என்று கண்டித்தார். போரின் முழுப் பயங்கரத்தையும் ஒரே பிரேமில் பிடிக்க முடியாது என்பது ஹர்லியின் வாதம். என்னைக் கேட்டால் பீன் பக்கம்தான் நியாயம். பிளேட்டைக் காப்பாற்ற உயிரைக் கொடுக்கத் துணிந்தவர், பிளேட் சொன்ன உண்மையோடு நின்றிருக்கலாம். பெரிய மனிதர் என்பதற்காக எல்லாவற்றையும் சரி என்று எழுதக் கூடாது அல்லவா?

1920-களில் பப்புவாவுக்குப் போனார். இப்போது குளிருக்கு நேர் எதிர். வெப்பம், ஈரம், பூஞ்சை. அப்படிப்பட்ட சீதோஷ்ணத்தில் பிலிம்மேல் பூசிய ஜெலட்டின் இளகும். லென்ஸில் பூஞ்சை வலை கட்டும். நம்ம ஊர் மழைக்காலத்தில் பீரோவுக்குள் வைத்த கல்யாண ஆல்பம் ஒட்டிக்கொள்வது எதனால் என்று இப்போது புரிகிறதா? அங்கே எடுத்த படம் 1921-ல் வந்தது. 1930-களில் சிட்னியின் சினிசவுண்ட் ஸ்டுடியோவில் பேசும் படங்களுக்கு ஒளிப்பதிவாளராக இருந்தார். இரண்டாம் உலகப் போரிலும் மத்திய கிழக்கில் காமிராவோடு நின்றார். 1962 ஜனவரி 16-ல், 76-வது வயதில் சிட்னியில் காலமானார்.

இன்னொரு செய்தி. 2022 மார்ச் 5-ல் எண்டூரன்ஸ் கப்பலை வெடல் கடலின் அடியில், 3008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். கப்பல் அதுவரை கடலுக்கடியில் கிடந்தது. அது எப்படி இருந்தது, எப்படி உடைந்தது என்று நூறு வருஷமாக உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தவை அந்தத் தகரப் பெட்டிக்குள் வந்த பிளேட்டுகளும் பிலிம் சுருள்களும்தான்.

நமக்கு என்ன?

நண்பர்களே! டிப்ளமோதானே என்று நம்மை இளக்காரமாகக் கேட்கிறவர்கள் உண்டு. எங்க குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். என்ன படிக்கிறே என்று ஊரில் கேட்டால், மெஷின் துடைக்கிற படிப்பா என்று ஒருவர் சிரித்ததும் உண்டு. ஹர்லியைப் படித்த பிறகு எனக்கு அதில் வருத்தம் இல்லை. துடைக்கத் தெரிவது சின்ன விஷயம் இல்லை. எந்த இடத்தில் எண்ணெய் விட வேண்டும், எந்த இடத்தில் எண்ணெயை எடுக்க வேண்டும், எந்தப் பெட்டியை எப்போது திறக்கக் கூடாது என்பதெல்லாம் பொருளின் குணம் தெரிந்தவனுக்குத்தான் வரும். அந்தக் குணத்தைத்தான் நாம் மூன்று வருஷம் படிக்கிறோம்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசி ஹவர். பஸ் போய்விடும் என்று எல்லாருக்கும் அவசரம். லேத் பெட்மேல் இரும்புத் தூள் அப்படியே கிடக்கும். வெர்னியர் பெட்டிக்கு வெளியே கிடக்கும். அந்த நேரத்தில் ஐந்து நிமிஷம் நின்று துடைத்து, ஒரு துளி எண்ணெய் தடவி, பெட்டியில் வைத்து மூடிவிட்டுப் போங்கள். திங்கட்கிழமை முதல் ஹவரில் அந்த மெஷினில் நிற்கப் போவது நம்ம ஜூனியர். அவனும் ஏதோ ஒரு வீட்டிலிருந்து முதல் முதலாகப் படிக்க வந்தவனாக இருப்பான்.



— இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு